மனு, மசோதா, விலக்கு: முதலாளி சங்கங்கள் மாநிலச் சட்டத்துக்குள் நுழையும் வழி

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்தவர்களிடம் ‘சங்கம்’ என்று சொன்னால் யூனியன்தான் நினைவுக்கு வரும். ஏதோ ஒரு நிறத்தில் கொடி, மாதச் சந்தா, போனஸ் சமயத்தில் பாக்டரி வாசலில் கூட்டம். முதலாளிகளுக்கும் சங்கம் உண்டு என்பது பலருக்கும் காதில் விழுந்த செய்திதான். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பதில் வராது. இத்தனைக்கும் வயதில் அதுதான் மூத்தது. தென்னிந்தியத் தோட்டக்காரர்களின் கூட்டமைப்பான உபாசி தொடங்கியது 1893-ல். தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்த இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-ல். நம் பாட்டன்கள் கூடிப் பேசவே பயந்த காலத்தில் துரைமார் கூடித் தீர்மானம் போட்டு அரசாங்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஒரு தொழிலில் இருக்கும் முதலாளிகள் தங்களுக்குள் இருக்கும் போட்டியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, சட்டம் இயற்றுபவர்களிடம் ஒரே குரலில் பேச வைத்துக்கொள்ளும் அமைப்புதான் தொழில் சங்கம். நாடு முழுவதற்குமான ஃபிக்கி, சிஐஐ போன்றவை செய்தியில் அடிக்கடி வரும். அவற்றுக்குக் கீழே தோட்ட உரிமையாளர் சங்கம், ஆலை உரிமையாளர் சங்கம், ஓட்டல் சங்கம், வியாபாரி சங்கம் என்று மாநிலம் மாநிலமாக, ஊர் ஊராக இருக்கின்றன. அவை செய்யும் வேலையைச் செய்திகளில் ‘லாபி’ என்பார்கள். அதைக் கேட்டதும் பெட்டியில் பணம் கைமாறும் காட்சிதான் பலர் மனத்தில் ஓடுகிறது. லஞ்சம் கொடுப்பது குற்றம். மனு கொடுப்பது உரிமை. நான் இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. அது சட்டப்படியே நடக்கிறது, பகலில் நடக்கிறது, அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை.

டெல்லியை விட்டுவிட்டு மாநிலச் சட்டத்தை ஏன் பிடிக்கிறார்கள்? அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் பதில் இருக்கிறது. நிலம், விவசாய வருமானத்தின் மீதான வரி, மாநிலத்துக்குள் நடக்கும் வியாபாரம், சந்தை எல்லாம் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தொழிலாளர் விவகாரம் பொதுப் பட்டியல். மத்திய அரசு, மாநில அரசு இரண்டும் கை வைக்கலாம். தேயிலை இறக்குமதிக்கு டெல்லியைப் பார்க்க வேண்டும். ஆனால் தேயிலை நிற்கும் மண் யாருடையது, அதற்கு எவ்வளவு வரி, அதில் ரிசார்ட் கட்டலாமா கூடாதா என்பதெல்லாம் திருவனந்தபுரத்தில் முடிவாகிறது.

பழைய காலத்தில் இந்த வேலை எளிது. வெளியே நின்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, உள்ளேயே நாற்காலி இருந்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டசபையில் 215 இடங்கள். அதில் வணிகம், தொழில், சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கென்றே 6 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அதற்கும் முன்னால் 1903-ல் சென்னை மாகாணத்தில் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. முன்பணம் வாங்கியவர் வேலைக்கு வராவிட்டாலோ, வந்து ஓடிப்போனாலோ பிடித்துக் கொண்டுவரவும் தண்டிக்கவும் வழி செய்த சட்டம் அது. கடன் தகராறு என்று சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டிய விஷயத்தைக் குற்றமாக்கியதுதான் அதன் சாமர்த்தியம். அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று தோட்டக்காரர்கள் பல ஆண்டு வற்புறுத்திப் பெற்றதுதான் அது.

இன்றைக்கு ஒதுக்கீட்டு இடம் கிடையாது. அதனால் மனு.

மனுவின் கடைசிப் பக்கம்

ஒரு நல்ல தொழில் சங்கத்தின் மனு எப்படி இருக்கும் என்று பாருங்கள். லெட்டர்ஹெட்டில் தொடங்கும். முதல் பத்தியில் அமைச்சருக்குப் பாராட்டு. இரண்டாவதில் தொழில் நசிந்துபோன கதை: ஒரு கிலோ உற்பத்திக்கு இவ்வளவு செலவு, ஏலத்தில் கிடைப்பது இவ்வளவு. மூன்றாவதில் தொழிலாளர்கள் வருவார்கள். இத்தனை ஆயிரம் குடும்பங்கள் இதை நம்பி இருக்கின்றன, தோட்டம் மூடினால் அவர்கள் கதி என்ன என்று. (போனஸ் பேச்சுவார்த்தையில் காணாமல் போகும் இந்த அக்கறை மனுவில் மட்டும் தவறாமல் ஆஜராகும்.) நான்காவதில் பக்கத்து மாநிலத்தில் இந்த வரி இல்லை, இந்தக் கட்டுப்பாடு இல்லை என்ற ஒப்பீடு. எல்லையோரத்தில் இந்த வாதத்துக்குத் தனி வலு உண்டு. போடிமெட்டு இறங்கினால் தமிழ்நாடு. முதலீடு இறங்கிப் போய்விடும் என்று சொன்னால் எந்த அமைச்சருக்கும் வயிற்றைக் கலக்கும்.

இதெல்லாம் முன்னுரை. விஷயம் கடைசிப் பக்கத்தில் இணைப்பாக இருக்கும். ‘இந்தப் பிரிவில், இந்த உட்பிரிவுக்குப் பிறகு, பின்வரும் வாசகம் சேர்க்கப்பட வேண்டும்’ என்று தயார் நிலையில் ஒரு திருத்தம். துறையில் மசோதாவை எழுதுபவர் மேசையில் நூறு கோப்பு கிடக்கிறது. அதில் ஒன்றில் மட்டும் வழக்கறிஞர் வைத்து எழுதிய வாசகம் அப்படியே எடுத்துப் போடும் பக்குவத்தில் இருக்கிறது. எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) கூரை ஒழுகுகிறது என்று கொடுத்த மனுவோ ‘ஆவன செய்ய வேண்டும்’ என்று முடிகிறது. ஆவன என்ன என்பதை அதிகாரிதான் யோசிக்க வேண்டும். எந்த மனு முதலில் நகரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மனு தவிர வேறு வாசல்களும் உண்டு. பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சர் தொழில் அமைப்புகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது நாடெங்கும் வழக்கம். ஒரு துறை நெருக்கடியில் இருக்கிறது என்று விசாரணைக் கமிஷனோ நிபுணர் குழுவோ போட்டால், அங்கே புள்ளிவிவரத்தோடு போய் உட்காருவது சங்கம்தான். ஏனென்றால் புள்ளிவிவரம் இருப்பது அவர்களிடம். கேரளத்தில் 2018-ல் தோட்ட வரியை முழுவதுமாக நீக்குவதாக முதல்வர் பினராயி விஜயன் சட்டசபையில் அறிவித்தார். அதற்கு முன்னால் தோட்டத் துறை பற்றி ஆராய நீதிபதி கிருஷ்ணன் நாயர் கமிஷன் போடப்பட்டு, அதன் அறிக்கையும் வந்திருந்தது. தோட்ட உரிமையாளர்கள் நீண்ட காலமாகக் கேட்டுவந்த சலுகை அது. இடதுசாரி அரசு முதலாளிகளுக்கு வரி நீக்கியதா என்று ஆச்சரியப்பட வேண்டாம். ‘தோட்டம் மூடினால் தொழிலாளி தெருவில்’ என்ற வாதம் எந்தக் கட்சி ஆட்சிக்கும் பொருந்தும். அதுதான் அதன் பலம்.

விலக்கு என்ற வாசல்

சட்டம் நிறைவேறியதா தோற்றதா என்பதை வைத்து சங்கங்களின் செல்வாக்கை அளந்தால் ஏமாந்து போவோம். ஒரு சட்டத்தை வரவிடாமல் தடுப்பது கஷ்டம். அது தங்களைத் தொடாமல் போகச் செய்வது சுலபம். புதிதாக ஒரு சட்டத்தைப் படிப்பவருக்கு நான் சொல்வது: முதல் பிரிவில் தொடங்காதீர்கள். யாருக்கெல்லாம் இது பொருந்தாது என்று சொல்லும் பிரிவுக்கு நேராகப் போங்கள்.

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 1963. நாடே புகழும் சட்டம். 1970 ஜனவரி 1 முதல் முழு வேகத்தில் அமலுக்கு வந்து ஜன்மி எனப்படும் பெரு நிலவுடைமை முறையை ஒழித்தது. ஐந்து பேர் வரை உள்ள குடும்பம் அதிகபட்சம் 15 ஏக்கர்தான் வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டியது. அதன் 81-ஆம் பிரிவைத் திறந்தால் விலக்குகள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்று தோட்டங்கள். தேயிலை, காபி, ரப்பர், ஏலம், கொக்கோ, பட்டை என்று பயிரின் பெயர் சொல்லி விளக்கியிருக்கிறார்கள். இந்த ஒரு வாசகத்தால்தான் பக்கத்துக் கிராமத்தில் 16-ஆவது ஏக்கர் அரசுக்குப் போனபோது, மலைமேல் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே கம்பெனியின் கையில் நின்றது.

இது வெறும் சதி என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்தைத் துண்டு துண்டாக்கினால் பாக்டரிக்குக் கொழுந்து வராது, ஏற்றுமதி போகும், அந்நியச் செலாவணி போகும், வேலையும் போகும் என்ற வாதத்தில் பொருள் உண்டு. கவனிக்க வேண்டியது வேறு. 1957-ல் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் கட்சி, வெளிநாட்டுத் தோட்டங்களை நாட்டுடைமை ஆக்குவோம் என்று சொல்லி ஓட்டுக் கேட்ட கட்சி. அதே ஆட்சி 1959-ல் நிறைவேற்றிய விவசாய உறவு மசோதாவிலேயே தோட்டங்களுக்கு உச்சவரம்பு விலக்கு இருந்தது. கட்சி மாறி ஆட்சி மாறி 1963 சட்டத்திலும் அது தொடர்ந்தது. இப்படி எந்த ஆட்சி வந்தாலும் நிற்கும் வாசகம் ஒரு சட்டத்தில் இருந்தால், அதற்குப் பின்னால் வாதமும் இருக்கும், வாதத்தைச் சுமந்துகொண்டு நடக்க ஆளும் இருக்கும்.

கண்ணன் தேவன் மலைக்கே தனிச் சட்டம் உண்டு. 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற நிலம் அது. 1971-ல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம் போட்டது. கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அரசு ஜெயித்துவிட்டது என்று தோன்றும். சட்டத்தின் உள்ளே பார்த்தால் தேயிலை நட்ட நிலத்துக்கு விலக்கு. தோட்டத்துக்குத் துணையான நிலத்தைத் திரும்பக் கேட்கவும் வழி. கடைசியில் 57 ஆயிரம் ஏக்கருக்கு மேல் கம்பெனியிடமே நின்றது. வழக்கில் தோற்றவர் கையிலும் மலையில் பெரிய பங்கு இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அடுத்த கட்டம் விலக்குக்குள் விலக்கு. தோட்டமாக இருப்பதால்தான் உச்சவரம்பு இல்லை. அப்படியானால் அதில் தோட்டம்தானே இருக்க வேண்டும்? 2012-ல் 81-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, தோட்ட நிலத்தில் 5 சதவீதம் வரை மருந்துச் செடி, வேறு பயிர், பால் பண்ணை, ஓட்டல், ரிசார்ட் போன்ற சுற்றுலாத் தேவைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று வந்தது. 5 சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆயிரம் ஏக்கர் எஸ்டேட்டுக்கு அது 50 ஏக்கர். சாதாரணக் குடும்பத்துக்குச் சட்டம் விதித்த வரம்பு 15 ஏக்கர் என்பதை மறக்க வேண்டாம். சதவீதத்தில் சொன்னால் சின்னதாகத் தெரிவதை ஏக்கரில் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

விலக்குக்கு ஒரு தம்பி உண்டு: அவகாசம். கேரளத்தின் 2019-ஆம் ஆண்டுச் சிறுதொழில் வசதிச் சட்டப்படி, ஒரு சான்று வாங்கிக்கொண்டு மற்ற பல அனுமதிகளுக்குக் காத்திராமல் மூன்று ஆண்டு தொழில் நடத்தலாம். விதி எதுவும் ரத்தாகவில்லை, தள்ளி வைக்கப்பட்டது. பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் பட்டறை போடுபவருக்கு இது உண்மையிலேயே உதவி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டசபைக்குள்ளும் அதற்குப் பிறகும்

கேரளத்தில் மசோதா அறிமுகமானதும் பெரும்பாலும் அந்தத் துறைக்கான பொருள் குழுவுக்குப் போகும். இப்படிப் பொருள் குழுக்களை 1980-லேயே அமைத்த சட்டசபை அது. இன்று 14 குழுக்கள். உறுப்பினர்கள் வரிவரியாகப் படித்துத் திருத்தும் இடம் அதுதான். தொழில் சங்கங்களுக்கு எந்த மசோதா எந்தக் குழுவில் என்று அத்துப்படி. நமக்கோ 2021-ல் தேவிகுளம் உறுப்பினர் ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தது தெரியும், அதில் ஒரு சொல் விடுபட்டதால் மறுபடி எடுத்ததும் தெரியும். அதே சபையில் நம் நிலத்தைப் பற்றிய மசோதா எந்தக் குழுவில் கிடக்கிறது என்று டீக்கடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

சட்டம் நிறைவேறியதும் கதை முடிவதில்லை. ‘அரசு விதிகள் வகுக்கலாம்’ என்று ஒரு வரி எல்லாச் சட்டத்திலும் இருக்கும். காசு எவ்வளவு, சதுர அடி எவ்வளவு, யாரிடம் விண்ணப்பம் என்பதெல்லாம் விதியில்தான். இடுக்கி மாவட்டத்தின் பட்டய (அரசு நிலத்துக்கான உரிமைப் பத்திரம்) விவகாரம் இதற்குக் கண்முன் உள்ள உதாரணம். 1964 விதிகளின்படி வழங்கிய பட்டயம் விவசாயத்துக்கும் வீட்டுக்கும்தான். அந்த நிலத்தில் கடை, லாட்ஜ், ஹோம்ஸ்டே, சில இடங்களில் பெரிய ரிசார்ட்டும் எழும்பிவிட்டன. மூணாறைச் சுற்றிய எட்டு கிராமங்களில் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் கட்டடம் கட்ட முடியாது என்றானது. 2019-ல் வந்த அரசாணை நெருக்கடியை இன்னும் கூட்டியது. கீழே மளிகைக் கடை, மேலே வீடு என்று கட்டியவருக்கும் பிடி, ஐந்து மாடி ரிசார்ட்டுக்கும் பிடி.

இங்கே களத்தில் இறங்கியது கோட் போட்ட சங்கம் அல்ல. வியாபாரிகள், சிறு விவசாயிகள், ஓட்டல்காரர்கள், எல்லாக் கட்சிகளும். ஆயுதம் கடையடைப்பும் ஹர்த்தாலும். பணபலம் குறைந்த சங்கம் தெருவில் செய்வதும் சட்டத்தை அசைக்கும் முயற்சிதான். சத்தம் அதிகம், அவ்வளவே. 2023 செப்டம்பர் 14 அன்று 1960-ஆம் ஆண்டு அரசு நிலப் பதிவுச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறியது. மீறல்களை முறைப்படுத்தவும் வேறு பயன்பாட்டை அனுமதிக்கவும் அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. ஆளுநர் ஆரிஃப் முகமது கான் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். 2024 ஜனவரி 9 அன்று வியாபாரிகள் சங்கமான வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதியின் நிகழ்ச்சிக்கு அவர் தொடுபுழா வந்தார். கையெழுத்து வராததைக் கண்டித்து அன்றைக்கே ஆளும் இடது முன்னணி மாவட்டம் முழுக்க ஹர்த்தால் நடத்தியது. சட்டத்தால் பயன்பெறப்போகும் வியாபாரிகள் ஆளுநரை வரவேற்க, சட்டத்தைக் கொண்டுவந்த கட்சி கடையை அடைக்கச் சொன்ன வேடிக்கை அது. ஏப்ரல் மாத இறுதியில் அவர் கையெழுத்திட்டார். விதிகளுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுக்க 2025 ஆகிவிட்டது. மளிகைக் கடைக்கும் ரிசார்ட்டுக்கும் ஒரே அளவுகோலா, வேறு வேறா என்ற உண்மையான கேள்விக்குப் பதில் அந்த விதிகளில்தான் இருக்கிறது; ஹர்த்தால் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு எழுதப்படும் பகுதி அது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் திருத்தம் நிறைவேறியது. முதலீட்டாளர்கள் நெகிழ்வு கேட்கிறார்கள் என்பது அரசுத் தரப்பு வாதம். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எழுந்து நின்றன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே தினத்தன்று வாபஸ். கேரளத்தில் கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி, 2018-ல் கடைகள் சட்டத்தையே திருத்த வைத்தார்கள். முதலாளி சங்கம் கேட்டதெல்லாம் நடக்கும் என்பதில்லை.

ஆனால் மூணாறில் 2015 செப்டம்பரில் நடந்தது இன்னொன்றையும் காட்டியது. போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததும் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் யூனியன் தலைவர்களை ஒதுக்கிவிட்டு ‘பெண்பிளை ஒருமை’ என்று ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் வாங்கினார்கள். கூலி 232 ரூபாயை 500 ஆக்க வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. அதை முடிவு செய்வது தோட்டத் தொழிலாளர் கமிட்டி. அரசு, முதலாளி சங்கம், அங்கீகரித்த யூனியன்கள் என முத்தரப்பு. ரோட்டில் உட்கார்ந்த பெண்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. அக்டோபரில் 301 ரூபாய் என்று முடிந்தது. முதலாளி சங்கம் மனுக் கொடுப்பதில் எனக்குப் புகார் இல்லை. ஒரு தரப்புக்கு நிரந்தர நாற்காலியும் இன்னொரு தரப்புக்கு ரோடும் என்ற ஏற்பாட்டில்தான் புகார்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனிகள் கட்சிகளுக்குச் சட்டப்படி நன்கொடை கொடுக்கலாம். மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்றிருந்த வரம்பு 2017-ல் நீக்கப்பட்டது. 2018-ல், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தரும் தேர்தல் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. கொடுத்தவர் பெயர் தெரியாவிட்டால், எந்தச் சலுகை எதற்குப் பதில் என்று ஓட்டுப் போடுபவர் எப்படிக் கணக்குப் பார்ப்பார் என்பதுதான் வழக்கின் மையம்.

அமெரிக்காவில் இப்படிச் சட்டத்துக்காகப் பேசுபவர்கள் பதிவு செய்துகொண்டு செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். 1995-ல் வந்த சட்டம். இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. 2013-ல் ஒடிசா எம்.பி. காளிகேஷ் சிங் தேவ் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. மசோதாவை முன்கூட்டியே வெளியிட்டு முப்பது நாளாவது கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசு வகுத்த கொள்கையும் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது.

மிச்சம் இருப்பது தகவல் உரிமைச் சட்டம். ‘இந்தச் சட்டத் திருத்தம், இந்த விதிகள் தொடர்பாகத் துறைக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எழுத்தில் வந்த மனுக்களின் நகல்களும், அவற்றின் மீதான கோப்புக் குறிப்புகளும் வேண்டும்’ என்று கேட்கலாம். யாருடைய வாசகம் சட்டத்தில் அப்படியே ஏறியது என்பது ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கேரளத்தில் கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மனு கொடுத்த சங்கம் ஆட்சேபித்தால் அதையும் கேட்டுவிட்டு அதிகாரி முடிவு செய்வார், அதனால் கொஞ்சம் தாமதமாகலாம். மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம்: தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.